அம்மாவிடம் ஒரு கேள்வி

அம்மா வாயைத் திறந்ததுமே மகளுக்குத் தெரிந்துவிட்டது, என்ன வரப்போகிறது என்று.

“என்னத்தச் சொல்ல. ஏதோ படிக்கா. மத்தபடி மந்தப் புள்ளதான்.”

சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூவருக்கும் தமிழ் தெரியாது. நடுவில் இருந்த நரைத்த அம்மையார்தான் கேட்டிருந்தார், உங்கள் மகளிடம் என்ன சிறப்பு என்று. பிள்ளையிடம் எத்தனை கேள்வி கேட்டாலும் பெற்றவர்களிடம் ஒன்றாவது கேட்பது அந்தக் கல்லூரியின் வழக்கம்.

அதுவரை நன்றாகத்தான் போயிருந்தது. கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொல்லியிருந்தாள். ஒருமுறை அம்மையார் தலையைக்கூட ஆட்டினார்.

தூத்துக்குடியிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி வந்திருந்தார்கள். கல்லூரியில் இடம் கிடைத்தாகிவிட்டது. உதவித்தொகை கிடைத்தால்தான் அந்த இடம் அவளுக்கு. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அது ஒன்றே ஒன்று.

கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. ஊரில் விடியுமுன் தெருமுனைக்கு மில் வேன் வரும். அவள் வயதுப் பெண்கள் ஏறிப் போவார்கள். தலையெல்லாம் பஞ்சோடு இறங்குவார்கள்.

தாய்க்கண்தான் பொல்லாத கண் என்பது அம்மாவின் நம்பிக்கை.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்த அன்று வீடு தேடி வந்தவர்களிடமும் இப்படித்தான் சொன்னாள். “பேப்பர் திருத்துனவுக பாவம் பாத்துப் போட்டிருப்பாக.”

எல்லோரும் போனபிறகு உப்பும் மிளகாயும் எடுத்து மகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறவில்லை.

“பாத்தியாட்டி, எத்தன கண்ணு” என்று அழுதாள்.

அதை இந்த மூன்று பேரிடம் யார் சொல்வது?

அவள் சொல்லக் கூடாது. தாய் சொல்வதை மகளே மொழிபெயர்த்தால் செல்லாதாம். அதனால் வராந்தாவில் காத்திருந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருத்தியை உள்ளே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

மிருதுளா. சென்னைப் பெண். அடுத்த முறை அவளுடையது. அதே உதவித்தொகைக்கு.

“என்ன சொல்கிறார்?” என்றார் அம்மையார்.

மிருதுளா காதில் விழுந்ததை அப்படியே சொன்னால் போதும். ஒரு சொல் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. சொன்னவளுக்குப் பாவமும் சேராது.

மிருதுளா அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு மகளைப் பார்த்தாள்.

அந்த நேரம் தெய்வம் உள்ளே வந்து சுவரோரமாக நின்றிருக்க வேண்டும்.

மிருதுளா ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். அவசரமில்லாமல்.

மகள் ஏதோ படிக்கிறாள், மந்தமான பிள்ளை என்று இந்த அம்மா சொல்கிறார். எங்கள் பக்கத்தில் பெற்றவள் தன் பிள்ளையை அடுத்தவர் முன்னால் புகழ மாட்டாள். கண்பட்டுவிடும் என்று பயம். பிள்ளை எவ்வளவு அருமையோ அவ்வளவு தாழ்த்திச் சொல்வாள்.

கொஞ்சம் நிறுத்தினாள்.

என் அம்மாவுக்கு என்னைப் பற்றி இந்தப் பயம் வந்ததே இல்லை.



தான் சொன்னது இரண்டு வரி, இந்தப் பெண் சொன்னது இவ்வளவு நீளமா என்று அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது.

“ரொம்பப் பெருமையாச் சொல்லிட்டியாம்மா?”

“இல்லம்மா. நீங்க சொன்னததான் சொன்னேன்.”

அம்மாவுக்கு மூச்சு வந்தது.

மகள் தலை குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. நன்றி சொல்ல நினைத்தாள். அம்மாவின் முறை முடியும்வரை அவள் பேசக் கூடாது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மிருதுளாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு அழகாகச் சொன்னாய். உன் பெயர் என்ன?”



மறுபடியும் கேட்டபிறகுதான் மிருதுளா சொன்னாள். 

அம்மையார் எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் சிரித்தார். இன்னொருவரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“நீ இங்கேயே இரு. அடுத்தது நீதானே? இவர்கள் போகலாம்.”

மிருதுளாவின் முகம் வெளுத்துவிட்டது. மகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மகள் எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மிருதுளாவின் பக்கம் நகர்த்திப் போட்டாள். ஓசை வராமல் தூக்கித்தான் வைத்தாள்.

எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்களே, காரியம் கூடிவிட்டது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவள் மிருதுளாவின் முன்னால் நின்றாள்.

“எம்புட்டு அழகாப் பேசுத தாயி. நீதான் நல்லா வருவ.”

இரண்டு கைகளாலும் அந்தக் கன்னங்களை வழித்தாள். தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெரித்தாள்.

ஒரு விரல் மிச்சமில்லாமல் சொடக்கு விழுந்தது.