மணல் ஒட்டிய கம்பளி

பையைத் தரையில் எறிந்துவிட்டு, "உன்னாலதான்டி வேலை போச்சு" என்றான் அகஸ்டின்.

அவன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. குழாயடியில் நின்ற ஹாஜிரா பீ குடத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

மர்சலின் கைப்பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

ஆழ்வார்பேட்டை மோட்டார் கொட்டகையில் கார்களுக்குப் பாலீஷ் போடுகிறவன் அவள் புருஷன். தேய்க்கிற கம்பளித் துண்டுகளை வீட்டில் துவைத்துக் கொடுப்பது அவள். மெழுகு போகப் பூந்திக்கொட்டை நுரையில் அலசி, தரை படாமல் நிழலில் உலர்த்தி, மயிர் ஒட்டிக்கொள்ளாமல் சீப்பால் வாரி, மூட்டையாகக் கட்டிக் கொடுப்பாள். துளி மணல் ஒட்டியிருந்தாலும் போச்சு, காரில் கீறல் விழுந்துவிடும்.

இன்றைக்கு ஒரு வக்கீலுடைய கறுப்புக் கார் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்திருந்ததாம். முதலாளி அப்போதே வெளியே போகச் சொல்லிவிட்டாராம்.

"புள்ளைய வெச்சிக்கினு துவைக்கிறா, கை தவறி மண்ணுல போட்டிருப்பா. உடு தம்பி" என்றாள் ஹாஜிரா பீ. மர்சலினும் அப்படித்தான் நினைத்தாள்.

சாயங்காலம் மர்சலினின் அண்ணன் வால்டர் வந்தான். ராயப்பேட்டையில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டுகிறவன். வரும்போதே விஷயம் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச கொட்டகைல ஆள் கேக்கறாங்க. மாப்ளய சேத்துடலாம். ஆனா அழுக்குக் கம்பளில தேய்ச்சான்னு தெரிஞ்சா ஒருத்தனும் உள்ள உடமாட்டான். நெசத்த சொல்லு மர்சி, இது யார் தப்பு?"

அகஸ்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மர்சலின் பையை இழுத்து உள்ளே கையை விட்டாள். போன கை கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. மடியில் பிள்ளை பசியில் சிணுங்கியது.

"என் தப்புதாண்ணே" என்றாள். "கொடியிலேருந்து மண்ணுல விழுந்துது. அலசாம அப்டியே கட்டிக் குடுத்துட்டேன்."

வால்டர் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று தானே போய்ச் சொல்லுவதாகச் சொன்னான். "ஆனா ஒண்ணு. இனிமே நீ கம்பளியத் தொடாத. அங்க துவைக்க வேற ஆளு கீது."

குழாயடியிலும், தப்பு தங்கையுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அகஸ்டினுக்கு இப்போதுதான் தெம்பு வந்தது. "கேட்டியா? கூடப் பொறந்தவனே சொல்லிட்டான். ஒரு துண்டு துவைக்க வக்கில்ல உனக்கு." சட்டையை மாட்டிக்கொண்டு மைத்துனன் பின்னாலேயே போனான்.

கல்யாணம் ஆன நாளாக அவளால் முடிந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அந்தத் துவைப்புதான். இனி அதுவும் இல்லை.

அவள் பையைக் கவிழ்த்தாள். மெழுகும் மணலும் ஏறிக் கல்லாக இறுகிய பழைய கம்பளி ஒன்று விழுந்தது. அதன் பின்னால், அவள் துவைத்துக் கட்டிக் கொடுத்த மூட்டை, போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

ஹாஜிரா பீ குடத்தோடு வாசலைத் தாண்டுவதற்குள், மர்சலின் அவசர அவசரமாக அந்த முடிச்சை அவிழ்த்தாள்.