என்ன குடி?

பினாங்கிலிருந்து கப்பலேறி மட்டக்களப்புக்குப் படிக்க வந்த மாணிக்கவேல், முதல் விடுமுறைக்கு வகுப்புத் தோழன் சாமித்தம்பியோடு தோணியேறிப் பழுகாமம் போனான். கரையில் இறங்கியதுமே கேட்டார்கள்.

“தம்பி என்ன குடி?”

“கள்ளைக்கூடத் தொட்டதில்லைங்க.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

சாமித்தம்பி அவனைத் தனியே இழுத்துப்போனான். “குடியெண்டா தாய்வழி வம்சம், மச்சான். அது இல்லாட்டி இஞ்ச ஒருத்தரும் உன்னைச் சேர்க்கமாட்டாங்க. அம்மம்மா இந்த ஊர், பணிக்கனார் குடி எண்டு சொல்லு. அந்தா நெல் காயவைக்கிற நேசம்மா, அவவும் அதே குடிதான்.”

மாணிக்கவேலின் கண் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

பொய் பலித்தது. நேசம்மாவின் தாய் அவனை மகனாகவே எண்ணி “மனே” என்று அழைத்து, வரும்போதெல்லாம் தயிரும் சோறும் போட்டாள். படிப்பு முடிகிற வருடம் பெண் கேட்கப் போனான். அவன் வாயெடுக்குமுன் அவளே சொன்னாள்.

“நேசத்துக்குக் கலியாணம் பேசியாச்சு, மனே. நீங்களும் பணிக்கனார் குடியாப் போயிட்டீங்க, அவளுக்கு அண்ணன் முறை. இல்லாட்டி உங்களுக்கே குடுத்திருப்பன்.”

உண்மையைச் சொன்னால் ஊர் துரத்தும். வாயை மூடினால் அவள் தங்கச்சி.

“மாப்பிள்ளை ஆரு, பெரியம்மா?”

“நம்மட சாமித்தம்பிதான். அவன் காலிங்கா குடி.”

வாசற்படலையடியில் சாமித்தம்பி சிரித்துக்கொண்டு நின்றான்.

“பொண்ணுட அண்ணன்தான் மாப்பிள்ளைட காலைக் கழுவணும், மச்சான். அதுக்குத்தானே அண்டைக்கே உனக்குக் குடி பார்த்துத் தந்தன்.”