கடைசித் துண்டு

ஒரு பாட்டைத் துண்டு துண்டாக ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தன சில கணினிகள். பாட்டு முழுதாக இருந்தது ஒரு பழைய கணினியிடம் மட்டும். எல்லாம் அதையே "அக்கா, அக்கா" என்று சுற்றிவந்ததில் அவற்றில் ஒரு மடிக்கணினிக்கு வயிறெரிந்தது.

கடைசித் துண்டை மடிக்கணினிக்கு மட்டும் தந்த கையோடு பழையது பழுதாகி நின்றுபோனது.

"அக்கா, அந்த ஒரு துண்டை எங்களுக்கும் கொடுங்களேன்!" என்று மற்றவை மடிக்கணினியிடம் ஓடிவந்தன.

"அவ இருந்தவரைக்கும் நான் கண்ணுக்குத் தெரியலையோ?" என்று வாசலைச் சாத்திக்கொண்டது மடிக்கணினி. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டுமே.

கெஞ்சல் ஓய்ந்தது. திறந்து பார்த்தால், முடியாத பாட்டை அழித்துவிட்டு எல்லாம் புதுப் பாட்டுக்காக நேற்று வந்த கைப்பேசியைச் சுற்றி நின்றன.

மடிக்கணினியும் கடைசியில் போய் நின்றது. பிறகு மெல்ல, "எனக்கும் ஒரு துண்டு, அக்கா" என்றது.