இளவரசி குளித்த இடம்

வள்ளத்தில் ஏறிய இரண்டு தொல்பொருள் அதிகாரிகளையும் கண்டதும் என் வீட்டுக்காரர் கோணாமலைக்கு வாய் அடைத்துவிட்டது.

அது லேசில் அடைக்கிற வாய் இல்லை. கோடையில் குளம் வற்றும்போது நடுவில் தலைகாட்டும் கல்தூண்களைக் காட்டி, இளவரசி குளித்த மண்டபம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சரித்திரம் சொல்லும் வாய். ஆள் பார்த்து இளவரசியின் ஊர் மாறும். கொழும்புக்காரர் வந்தால் அவளுக்கு ஒரு காதலனும் கிடைப்பான்.

ஆனால் அவளால்தான் நாங்கள் சோறு தின்கிறோம். கரடியனாற்றுக்கு அப்பால் வெறும் அணைக்கட்டும் காவலரணுமாகக் கிடந்த இடம் இது. இன்று கட்டோரம் எங்கள் விடுதி அறைகள், முத்தலிப் நானாவின் பொரித்த மீன் கடை. ஞாயிறானால் வான்கள் நிறுத்த இடமில்லை.

யாரோ இவருடைய பேச்சைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள். அது கொழும்புவரை போய், அளக்கிற நாடாவோடு திரும்பி வந்திருக்கிறது. பழைய மண்டபம்தான் என்று உறுதியானால் கரை முழுக்க வேலி போடுவார்களாம். அறைகளும் போகும், மீன் கடையும் போகும்.

நான்தான் துடுப்பு வலித்தேன்.

தூணருகே போனதும் மூத்த அதிகாரி, இதை யார் கட்டியது என்று கேட்டார். கோணாமலை என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

“அது கக்கூஸ் சேர். இந்தக் குளம் கட்டக்குள்ள எஞ்சினியர்மாருக்கெண்டு கட்டின.”

இளையவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூத்தவர் சிரிக்கவில்லை. எட்டித் தூணைச் சுரண்டிப் பார்த்தார். சீமெந்து உதிர்ந்தது.

நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

போகிற வழியில் நானாவின் கடையில் மீன் தின்றார்கள். கக்கூஸ் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அவர்களுடைய வான் மறைந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தச் சீமெந்து, போன கோடையில் தூணில் வெடிப்பு விழுந்தபோது இவரும் நானாவும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பூசியது. குளம் கட்டிய எஞ்சினியர்மார் காட்டுக்குள்தான் ஒதுங்கினார்கள்.

கோணாமலை வேலியோரம் செவ்வரத்தம்பூ பறித்துக்கொண்டு வந்து மறுபடி தூண்கள் பக்கமாக வள்ளத்தைத் தள்ளினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் பிள்ளைக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாறன்” என்றார்.