மகிழ்ச்சிப் பூங்காவின் சிமெண்ட் கொக்கு

குஞ்சுகளுக்கு மீன் பிடிக்க வந்த கொக்குக்கு வயிறு எரிந்தது. ஏரியை மண்ணால் மூடி, ‘மகிழ்ச்சிப் பூங்கா’ என்று பலகை நட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிமெண்ட் கொக்கு வாயைப் பிளந்து நின்றது.

“ஏரி எங்கேடா?”

“கோபப்படாதே அக்கா. ஜனங்களின் சந்தோஷத்துக்காகத்தான் மூடினார்கள். என் வாயிலிருந்து தண்ணீர் பீச்சினால் கைதட்டுவார்கள்.”

“எங்கே, பீச்சு பார்க்கலாம்!”

“தண்ணீர் லாரி வரட்டும்.”

“தூ! ஏரி இருந்த இடத்தில் நின்றுகொண்டு லாரிக்கா காத்திருக்கிறாய்?”

வாசலில் ஹாரன் கேட்டது. பூங்காவில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் குடங்களோடு பாய்ந்தார்கள், ஒருவரையொருவர் ஏசினார்கள். நொடியில் லாரி காலி. பூங்காவுக்குச் சொட்டுக்கூட மிஞ்சவில்லை.

“நாளைக்கு வா அக்கா, கைதட்டல் கேட்கலாம்” என்றது சிமெண்ட் கொக்கு.

“அதையா என் குஞ்சுகளுக்கு ஊட்டுவேன்?” என்று சீறிவிட்டு, கொக்கு வெறும் அலகோடு பறந்தது.