சத்தம் வராத கேமரா

திரையின் ஓரத்தில் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அவள் அலுவலகக் கணினியை விட்டு, தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த போனை அருகில் இழுத்தாள்.

சன்னலோரப் பாய். அது அவள் மகள் தாரிகாவின் இடம்.

சுற்றிலும் டேகேரின் மற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் கவுன். பிள்ளைகள் விழுங்கிவிடுமாம், தலைக் கிளிப்பைக்கூட வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொள்வார்கள். கேமரா உத்தரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எல்லாமே கறுத்த உச்சந்தலைகள்தான். பாய் கிடக்கும் இடத்தை வைத்துத்தான் பெற்றவளே தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

குழந்தை வாயைத் திறந்தது.

அழுகிறது.

கேமராவில் சத்தம் வராது.

அவள் டேகேருக்குப் போன் செய்தாள். வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள். தேன் சொட்டும் குரல்.

"இதோ பாக்கச் சொல்றேன் மேடம்."

கன்னியம்மா வந்தாள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. அழும் குழந்தையைத் தாண்டி நடந்தாள். சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த வேறு ஒரு குழந்தையிடம் குனிந்தாள். போர்வையை இழுத்துவிட்டாள், தட்டிக்கொடுத்தாள், போய்விட்டாள்.

அழுகிற பிள்ளையை விட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிறாளே.

மேலாளரிடம் பர்மிஷன் கேட்டாள். மறுபடியுமா என்பது போலப் பார்த்தார். கையை அசைத்துப் போகச் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

கிண்டியிலிருந்து அடையாறுக்கு ஆட்டோ. மத்திய கைலாஷ் சிக்னல் வழக்கம்போல விடவில்லை.

இந்த இடம் கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஓரிடத்தில் டயபர் கட்டும் பிள்ளை வேண்டாம் என்றார்கள். ஓரிடத்தில் அப்பா அம்மா இருவரும் என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். இங்கே ஒரு பிள்ளை வெளிநாடு போனதால் ஓர் இடம் காலியானது. அவள் அழாத குறையாகப் பிடித்தாள். கட்டணம் தனி. சாப்பாடு தனி. ஏசி தனி. கேமரா தனி. மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் வாங்கவில்லை.

இன்று காலைதான் வரவேற்பில் சொல்லிவிட்டு வந்திருந்தாள், அடுத்த மாதத்திலிருந்து கேமரா வேண்டாம் என்று. எதையாவது குறைத்தால்தான் வாடகை கட்ட முடியும்.

சொன்ன அன்றைக்கே இப்படி.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். சன்னலோரம் இருந்த மஞ்சள் கவுனை அப்படியே வாரி எடுத்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பாதங்கள் சில்லிட்டுக் கிடந்தன. அந்த மூலைக்கு நேர் மேலேதான் ஏசி.

அப்போதுதான் பவுடர் வாசனை தெரிந்தது.

தாரிகாவுக்கு அவள் போடும் பவுடர் இல்லை.

முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். யாருடைய குழந்தையோ.

"தாரிகா பாப்பா அங்க தூங்குது மேடம்." கன்னியம்மா பின்னால் வந்து நின்றாள். "காலைல ரெண்டு தும்மல் போட்டுச்சு. ஏசிக்கு நேரா இருக்கே, சளி புடிச்சுக்கும்னு சுவரோரமா மாத்திப் போட்டேன். நீங்க போன் பண்ணதும் வந்து பாத்தேனே."

சுவரோரம் தாரிகா குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை தோள் வரை இருந்தது.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"இது யாரு?"

"சன்விதா பாப்பா. இவங்க அம்மா கேமரா வாங்கல." கன்னியம்மாவின் குரலில் குற்றமும் இல்லை, வருத்தமும் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "இருக்கறது ரெண்டே பேரு. எந்தப் புள்ளைக்குப் போன் வருதோ அதத்தான மேடம் மொதல்ல தூக்க முடியுது."

குழந்தை அவள் துப்பட்டாவைக் கொத்தாகப் பிடித்திருந்தது. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. கன்னியம்மா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

இவளையும் அந்தப் பக்கம் மாற்றிப் போடுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

சுவரோரம் வேறு இடம் இல்லை. தாரிகாவைத் தூக்கித் திரும்ப ஏசிக்குக் கீழே போட்டுவிட்டால்?

சொல்லவில்லை.

வரவேற்பில் போன் மணி அடித்தது. தேன் குரல் உள்ளே எட்டிக் கூப்பிட்டது. "கன்னியம்மா, கிரிஷவ் அம்மா லைன்ல இருக்காங்க. அவன் முழிச்சிட்டானாம்."

கன்னியம்மா சன்விதாவைப் பாயில் இறக்கிவிட்டு நடந்தாள்.

அவள் தாரிகாவின் தலையைத் தொடப்போய், எழுந்துவிடப்போகிறாள் என்று கையை இழுத்துக்கொண்டாள். அலுவலகத்தில் பாதி வேலை அப்படியே கிடந்தது.

வரவேற்பில் நின்றாள்.

"காலைல சொன்னேன்ல, கேமரா வேணாம்னு. அது இருக்கட்டும்."

"ஷ்யூர் மேடம்." அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. பலர் இப்படித் திரும்பி வந்ததைப் பார்த்திருப்பாள் போல.

வாடகைக்கு என்ன செய்வது என்று ஆட்டோவில் ஏறும்வரை யோசித்தாள். பிறகு யோசிக்கவும் தெம்பு இல்லை. போனைத் திறந்தாள்.

தாரிகா தூங்கிக்கொண்டிருந்தாள்.

சன்னலோரத்தில் ஒரு மஞ்சள் கவுன் உட்கார்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

சத்தம் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு இரண்டு விரல்களைத் திரையில் வைத்து விரித்தாள். படம் பெரிதானது. சன்னல் விலகிப் போனது. பாய்கள் ஒவ்வொன்றாக விலகின. தாரிகா மட்டும் திரையில் மிஞ்சும்வரை விரித்துக்கொண்டே இருந்தாள்.