பொன்னாடைக்கு இடமில்லாத முதுகு

குளத்து நீர்ப்பூச்சிகளைப் போலவே அந்த ஊரிலும் மனைவிமார் முட்டைகளைக் கணவன் முதுகில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பொரியும்வரை காற்றுப்பட வேண்டும் என்பதால் ஆண்கள் சட்டை போடமாட்டார்கள், மல்லாந்து படுக்கமாட்டார்கள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து முதன்முறையாக முட்டை சுமந்த பேரூராட்சித் தலைவர் வடிவழகருக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று தெருவில் எப்போதும் முன்னால் நடந்தார்.

அன்று அவருக்குப் பாராட்டு விழா. பொன்னாடை என்றால் கேட்காமலே கழுத்தை நீட்டுகிற மனிதர். ஆலை அதிபர் தணிகாசலம் கனத்த ஜரிகைப் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்ததும் பழக்கதோஷத்தில் குனிந்துவிட்டார்.

முதல் வரிசையிலிருந்து மனைவி பூங்கோதை கத்தினாள். "ஏங்க! அதப் போத்துனா பிள்ளைங்க மூச்சுமுட்டிப் போயிரும்!"

"போட்டோவுக்கு ஒரு நிமிஷந்தான் தலைவரே," என்றார் தணிகாசலம்.

தலைவர் வாழ்நாளில் முதன்முறையாகப் பொன்னாடையைக் கையால் தள்ளினார். தள்ளியதோடு நிற்காமல், சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, திரைச்சீலையைப் பார்த்து மைக்கில் ஆரம்பித்தார். "என் அருமை மக்களே..."

அரங்கமே எழுந்து கைதட்டியது. இன்னும் பேசவே இல்லையே என்று அவர் யோசிக்கும்போது முதுகில் என்னவோ குறுகுறுவென்று ஊர்ந்தது. திரும்பினால் சபைக்குத் தெரியாமல் போய்விடுமே என்று ஆடாமல் அசையாமல் நின்றார்.

"பூங்கோத, யார் ஜாடைடி?" என்று மைக்கிலேயே கேட்டார்.

அவள் என்னவோ சொன்னாள். கைதட்டல் நின்றபாடில்லை.